உடலும் ஆளும்

‘ஆட்கொணர்வு மனு’ என்னும் தொடர் இடம்பெறாத நாளிதழை நம் ஊர்ப்பக்கம் காண்பது அரிது. மகளைக் காணவில்லை என்று தந்தை தொடுத்தது, மனைவியை அவள் பெற்றோர் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கணவன் தொடுத்தது, குண்டர் சட்டம் என்று மக்கள் சுருக்கமாகச் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிறைப்பட்ட மகனுக்காகத் தாய் தொடுத்தது என்று ஒரே வாரத்தில் மூன்று வகையும் கண்ணில் படும். நீதிமன்ற வளாகத்திலோ இதற்குத் தமிழும் இல்லை, லத்தீனும் இல்லை. ‘ஹெச்.சி.பி. போட்டாச்சு’ என்பதே அங்கு வழக்கு.

தமிழ் படித்து, தமிழ் கற்பித்துப் பிழைக்கும் நாம் இத்தொடரைப் பல்லாண்டுகள் ஒரு கலைச்சொல்லாக மட்டுமே அறிந்திருந்தோம். நல்ல மொழியாக்கத்துக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் சொல்லியதும் உண்டு. அதன் பொருள் நமக்கு விளங்கியது ஒரு பிழையின் வழியாகத்தான். அப்பிழை நம்முடையது. அதைச் சொல்லாமல் இத்தொடரைப் பற்றி எழுதுவது முறையாகாது.

நம் கல்லூரி ஆண்டுமலரை அச்சிடும் அச்சகத்தின் உரிமையாளர் நமக்கு அண்ணாச்சி. மெய்ப்புத் திருத்த அவருடைய கடைக்குச் சென்று அமர்ந்தே பல மாலைகள் கழிந்திருக்கின்றன. அவருடைய மகள் நம்மிடம் முதுகலைத் தமிழ் பயின்றவள். படிப்பு முடிந்ததும் தந்தையின் அச்சகத்திலேயே மெய்ப்புப் பார்த்து வந்தாள். ஒருநாள் அவளைக் காணவில்லை. அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைத்துவந்த இளைஞனையும் காணவில்லை. அவன் வேறு சாதி. அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

அன்றிரவு அண்ணாச்சி நம் வீட்டுக்கு வந்தார். காவல் நிலையத்தில் கொடுக்க ஒரு புகார் எழுதித் தர வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். உள்ளபடி சொன்னால், அவர் சொன்னதை விடவும் நன்றாகவே எழுதினோம். ஆசை வார்த்தை கூறிக் கடத்திச் சென்றுவிட்டதாகவும், மகளை மீட்டுத் தம்மிடம் ஒப்படைக்குமாறும் அதில் கண்டிருந்தது. கடத்துதல், மீட்டல், ஒப்படைத்தல். மூன்றும் பொருள்களுக்கு உரிய வினைகள். அரிசியைக் கடத்துவார்கள், அடகு வைத்த நகையை மீட்பார்கள், சாவியை ஒப்படைப்பார்கள். எழுதும்போது இது நமக்கு உறைக்கவில்லை. அவள் தன் விருப்பத்தின்படியே சென்றிருக்கக்கூடும் என்பது மட்டும் நமக்குத் தெரிந்தே இருந்தது. மெய்ப்புத் தாள்களின் ஓரத்தில் இருவருடைய கையெழுத்தும் மாறி மாறி வருவதை ஓராண்டாகக் கண்டவர்கள் நாம்.

புகாரால் பத்து நாளில் ஒன்றும் நடக்கவில்லை. வழக்கறிஞர் ஒருவர் மதுரைக் கிளையில் ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ போடலாம் என்றார். 2004ஆம் ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டதிலிருந்து தென்மாவட்டத்தார் இதற்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. வழக்கறிஞரைப் பார்த்துத் திரும்பும் வழியில், பேருந்தில், அண்ணாச்சி கேட்டார்:

“அந்த இங்கிலீசு வார்த்தைக்கு என்ன சார் அர்த்தம்?”

“அது லத்தீன், அண்ணாச்சி. ‘உடலைக் கொண்டு வா’ என்று பொருள்” என்றோம், தெரிந்ததைச் சொல்லும் ஆசிரியப் பழக்கத்தில்.

அவர் முகம் வெளிறிப் போயிற்று. “என்ன சார் சொல்லுதீய? உடலா? எம்புள்ள உசுரோடதான சார் இருக்கா?”

பேருந்தில் பலர் திரும்பிப் பார்த்தனர். ‘இல்லை அண்ணாச்சி, தமிழில் ஆட்கொணர்வு என்றுதான் பெயர், ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது’ என்று பதறித் திருத்தினோம். அவர் சற்றே ஆறினார். ஒரே ஆணை. லத்தீன் அதில் உடலைக் கேட்கிறது, தமிழ் ஆளைக் கேட்கிறது. அந்த வேறுபாட்டை ஒரு தந்தையின் முகத்தில் கண்ட பிறகே அத்தொடரைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

‘ஹேபியஸ்’ என்பது ‘கொண்டிரு’ என்னும் வினையின் ஒரு வடிவம். லத்தீன் இலக்கணத்தார் அதனை வேறு பெயரால் வழங்கினாலும், தமிழ் மாணவர்க்கு அது வியங்கோள் என்றால் எளிதில் விளங்கும். விதித்தல், வேண்டல், வாழ்த்தல், வைதல் என வியங்கோளுக்கு நாம் சொல்லும் பொருள்களில் இங்கு வருவது விதித்தல். ‘கார்ப்பஸ்’ என்பது உடல். அறக்கட்டளைகளில் ‘கார்ப்பஸ் நிதி’ என்று நாம் கேட்கும் சொல்லும், மொழியியலார் தரவுத் தொகுதியைக் குறிக்க ஆளும் சொல்லும், ஆங்கிலத்தில் பிணத்தைக் குறிக்கும் ‘கார்ப்ஸ்’ என்னும் சொல்லும் இதன் பிள்ளைகளே. ஆக, ‘நீ உடலைக் கொண்டிருப்பாயாக’ என்பதே இவ்விரு சொற்களின் நேர்ப்பொருள். இவை தனியே ஒரு வாக்கியமும் அல்ல. அரசன் பெயரால் சிறைக்காவலனுக்குச் சென்ற நீண்ட லத்தீன் ஆணையின் நடுவிலிருந்து பிய்த்தெடுத்த துண்டு. இன்னாருடைய உடலை, அது எக்காரணத்தால் பிடித்து வைக்கப்பட்டுள்ளது என்ற விவரத்தோடு, இன்ன நாளில் நம் முன் கொண்டிருக்க உனக்குக் கட்டளையிடுகிறோம் என்பது அதன் சாரம். அரசன் தன்னை ‘நாம்’ என்றே சொல்லிக்கொள்கிறான். கட்டுரை எழுதும் நாமும் அப்படியே சொல்லிக்கொள்கிறோம். அவனுக்கு அதிகாரம் இருந்தது. நமக்கு இருப்பது கூச்சம் மட்டுமே.

வியப்பு என்னவெனில், இவ்வாணை தொடக்கத்தில் விடுதலைக்கானதே அன்று. இடைக்கால இங்கிலாந்தில் ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுத்து வருவதற்கே அது பயன்பட்டது. சாட்சி சொல்ல ஒருவகை, விசாரணைக்கு ஒருவகை எனப் பல கிளைகள் அதற்கு இருந்தன. ‘ஏன் பிடித்து வைத்திருக்கிறாய்’ என்று காவலனைக் கேட்கும் கிளையே நாளடைவில் மற்றவற்றை மூடிக்கொண்டு வளர்ந்தது. இன்று அடைமொழியின்றி ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்றால் அதுதான்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் தப்புவதற்கு அரசுகள் கையாண்ட வழிகளின் வரலாறே இவ்வாணையின் வரலாறும் ஆகும். 1627இல் முதலாம் சார்லஸ் மன்னன் கட்டாயக் கடன் கேட்டான். தர மறுத்த ‘நைட்’ பட்டத்தார் ஐவர் சிறையிடப்பட்டனர். காரணம் என்ன என்று கேட்டதற்கு ‘அரசரின் தனிக்கட்டளை’ என்பதே விடையாக வந்தது. நீதிபதிகள் அதற்கு மேல் கேட்கத் துணியவில்லை. ஐவரும் சிறைக்கே திரும்பினர். மறு ஆண்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த உரிமை மனுவில், காரணம் காட்டாமல் சிறைவைப்பதற்கு எதிரான குரல் இடம்பெற்றது. பின்னர் அரசுகள் வேறு வழி கண்டன. ஆணை செல்லாத தீவுகளுக்குக் கைதிகளை அனுப்பிவைத்தால் யார் யாரைக் கேட்பது? 1679ஆம் ஆண்டின் ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டம் அவ்வாறு கைதிகளைக் கடல் கடத்துவதைத் தடை செய்தது. அவ்வழி அத்துடன் அடைபட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. குவாண்டனாமோவில் அடைக்கப்பட்டோரும் இவ்வாணையைக் கோரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2008ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

அந்த 1679ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி பிஷப் பர்னெட் எழுதிவைத்த கதையொன்று சுவையானது. பிரபுக்கள் அவையில் வாக்குகளை எண்ணும்போது, பருத்த உடல் கொண்ட பிரபு ஒருவர் கதவைக் கடந்து வந்தார். எண்ணியவர் விளையாட்டாக அவரைப் பத்துப் பேர் என்று எண்ணினாராம். எதிர்த்தரப்பில் எண்ண வேண்டியவர் கவனிக்கவில்லை. நகைப்பு நகைப்போடு போகாமல் கணக்கில் ஏறிச் சட்டமும் நிறைவேறிவிட்டது. கதை மெய்யோ புனைவோ, வாக்குகள் 57க்கு 55 என்று பதிவாகியுள்ள அந்நாளில் அவைக்கு வந்திருந்தோர் 107 பேர்தாம் என்பதும் பதிவாகியுள்ளது. உடலைக் கொணரச் சொல்லும் சட்டம் ஓர் உடலின் பருமனால் பிறந்தது என்று சொல்லிச் சிரிக்கலாம்.

சிரிக்க இயலாத வரலாறும் உண்டு. ஜேம்ஸ் சாமர்செட் என்பவர் அமெரிக்கக் குடியேற்றத்திலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமை. 1771இல் தப்பி ஓடினார். பிடிபட்டார். ஜமைக்காவில் விற்பதற்காகக் கப்பலில் விலங்கிடப்பட்டார். அவருக்காகச் சிலர் ஹேபியஸ் கார்ப்பஸ் கோரினர். கப்பலின் தலைவன் அவரை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபுவின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. ‘ஏன் பிடித்து வைத்திருக்கிறாய்’ என்ற கேள்விக்கு ‘இவன் இன்னாருடைய உடைமை’ என்பது விடையாகுமா? 1772 ஜூன் 22 அன்று, ஆகாது என்று தீர்ப்பாயிற்று. சாமர்செட் விடுதலையானார். உடலாகக் கப்பலில் கிடந்தவர் நீதிமன்றத்தில் ஆளாக வெளிவந்தார். ‘கார்ப்பஸ்’ என்ற சொல்லின் பொருத்தம் இவ்வழக்கில்தான் நமக்கு விளங்கிற்று. பிடித்து வைத்திருப்பவன் கையில் இருப்பது உடல் மட்டுமே. அதனால்தான் ஆணை உடலைக் கேட்கிறது.

இத்தனைக்கும் பிறகு, ஆங்கிலேயர் தம் மொழியில் இதற்கொரு சொல் ஆக்கிக்கொள்ளாதது ஏன் என்ற கேள்வி தமிழாசிரியர்க்கு எழுவது இயல்பே. அவர்களுடைய நீதிமன்றங்களில் ஆங்கிலம் நுழைந்த கதை நம்முடைய கதையைக் காட்டிலும் நெடியது. வழக்காடுதல் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்று 1362இல் ஒரு சட்டம் வந்தது. அச்சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தது. பதிவேடுகளிலிருந்தும் லத்தீன் அகல வேண்டும் என்ற சட்டம் 1733இல் நடைமுறைக்கு வந்தது. வந்த கையோடு திருத்தமும் வந்தது: வழக்கில் ஊன்றிய தொழிற்சொற்களைப் பழைய மொழியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஹேபியஸ் கார்ப்பஸ் போன்றவற்றுக்கு ஆங்கில ஆடை அணிவித்தால் சிரிப்புக்கிடமாகும் என்பது பிளாக்ஸ்டனின் கருத்து. 1999இலும் 2004இலும் இங்கிலாந்து தன் நீதிமன்றச் சொற்களை மீண்டும் எளிமையாக்கியபோது ‘மாண்டமஸ்’ போயிற்று, ‘செர்ஷியோராரி’ போயிற்று. ஹேபியஸ் கார்ப்பஸ் மட்டும் போகவில்லை. நம் அரசமைப்புச் சட்டத்தின் 32ஆம், 226ஆம் உறுப்புகளிலோ இம்மூன்றும் அவற்றின் கூட்டாளிகளும் லத்தீன் கோலத்திலேயே இன்றும் அமர்ந்திருக்கின்றன.

தமிழ் அஞ்சவில்லை. ‘ஆட்கொணர்வு’ என்று துணிந்து ஆக்கிக்கொண்டது. உடலை விட்டு ஆளைப் பற்றியது. இது மொழியாக்கமா, திருத்தமா? நாம் நெடுநாள் திருத்தம் என்றே மகிழ்ந்திருந்தோம். இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலவில்லை. காரணம் நமக்கு அண்டை மாநிலத்தில் இருக்கிறது.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரல் 28 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், நெருக்கடி நிலை உள்ளவரை எவரும் ஹேபியஸ் கார்ப்பஸ் கோரி வர இயலாது என்றனர். ஜபல்பூர் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில் மறுத்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவரே. காவலர் ஒருவர் ஒருவனைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்றால் அப்போதும் தீர்வில்லையா என்று அவர் கேட்க, இல்லை என்றே அரசின் தலைமை வழக்கறிஞர் விடை கூறினார். அடுத்த ஆண்டு கன்னாவுக்குரிய தலைமை நீதிபதிப் பதவி அவருக்கு இளையவரிடம் சென்றது. கன்னா பதவி விலகினார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறென்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகக் களைந்தது 2017 ஆகஸ்டில். அதை எழுதியவர்களுள் ஒருவரான டி.ஒய். சந்திரசூட், 1976இல் பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.

கன்னா கேட்டது கற்பனைக் கேள்வியன்று. தீர்ப்பு வருவதற்குள் அது கேரளத்தில் நடந்து முடிந்திருந்தது. 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோட்டின் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் காவலர்கள் விடுதியிலிருந்து பிடித்துச் சென்றனர். கல்லூரி முதல்வர் கடிதம் எழுதித் தந்தைக்குத் தெரிவித்தார். தந்தை ஈச்சர வாரியர் ஒரு கல்லூரிப் பேராசிரியர், இந்தி கற்பித்தவர். முகாம் முகாமாக, அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். நெருக்கடி நிலை விலக்கப்பட்ட சில நாள்களிலேயே, 1977 மார்ச் இறுதியில், கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். அவ்வாறு ஒருவரைக் கைது செய்யவே இல்லை என்றது அரசு. நீதிபதிகள் போற்றியும் காலித்தும் அதை ஏற்கவில்லை. ஏப்ரல் 21 அன்று ராஜனை முன்னிறுத்துமாறு ஆணையிட்டனர். ஆணை சென்றது. ஆள் வரவில்லை. அவசர நிலையின்போது உள்துறையை வகித்து, பின் முதலமைச்சராகியிருந்த கருணாகரன் அம்மாதமே பதவி விலகினார். ராஜன் கக்கயம் முகாமில் காவலில் இறந்ததை அரசு பிறகு ஒப்புக்கொண்டது.

ஆள் இல்லை என்றாயிற்று. உடலாவது? அதுவும் கிடைக்கவில்லை. என்றைக்குமே கிடைக்கவில்லை. ஈச்சர வாரியர் 2006இல் மறையும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தந்தையின் நினைவுகளாக அவர் எழுதிய நூல் மலையாள வாசகரை உலுக்கியது, தமிழிலும் வந்தது. அந்நூலை வாசித்த இரவில், ‘உடலைக் கொண்டிருப்பாயாக’ என்ற பழைய லத்தீன் வியங்கோளின் முழுக் கனமும் நம்மேல் இறங்கிற்று. ஆளைக் கொணர இயலாத இடத்தில் உடலையேனும் கேட்கும் வாய் அத்தொடருக்கு உண்டு. ஈழத்தில் 2009 மே மாதம் போர் முடிவில் சரணடைந்தவர்களுக்காக அவர்களின் மனைவியரும் தாய்மாரும் வவுனியா உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு இட்டபோது கேட்டதும் அதுவே. தமிழில் உடலுக்கு ‘மெய்’ என்றொரு பெயர் உண்டு. உண்மைக்கும் அதுவே பெயர். ஆள் இல்லையெனில் மெய்யைக் கொணர்க என்பதே அவர்களின் கோரிக்கை.

இவற்றையெல்லாம் நாம் அறிந்தது பின்னாளில். அண்ணாச்சியோடு மதுரைக்குச் சென்ற நாளில் இதில் ஒன்றும் தெரியாது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றோம். காவலர்கள் அவளையும் அவனையும் அழைத்து வந்திருந்தனர். வழக்கு எண் அழைக்கப்பட்டது. இரண்டு நீதிபதிகள். ஒருவர் அவளுடைய வயதைக் கேட்டார், படிப்பைக் கேட்டார், யாரேனும் கட்டாயப்படுத்தி வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். “இல்லை. என் விருப்பத்தில்தான் இருக்கிறேன். அங்கேயே இருக்கிறேன்” என்றாள். குரல் நடுங்கவில்லை. பெற்றோரிடம் பேச விரும்புகிறாயா என்றார். தந்தையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்து மறுத்தாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. வயது வந்தவர், விருப்பம்போல் செல்லலாம், மனு முடித்துவைக்கப்படுகிறது என்றனர்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி கேட்டார்: “மனு தோத்துப் போச்சா சார்?”

ஆம் என்றே அன்று எண்ணினோம். அப்படியன்று என்பது பிறகு விளங்கியது. மனு எதைக் கேட்டதோ அது நடந்தது. பிடித்து வைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட உடல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப்பட்டது. வந்த பின் அது உடலாக இருக்கவில்லை. ஆளாகிப் பேசிற்று. அந்தப் பேச்சுக்குப் பிறகு கொணர்ந்தவனும் கேட்டவனும் நீதிபதியும் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஓர் ஆளை ஒருவரிடமிருந்து வாங்கி இன்னொருவரிடம் கொடுக்கும் வேலை இவ்வாணைக்கு இல்லை. நாம் எழுதிய புகார்தான் அதைக் கேட்டது. கேரளத்து ஹாதியாவின் தந்தை தொடுத்த ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் அவள் திருமணத்தையே செல்லாது என்றபோது, 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியதும் இந்த அடிப்படையில்தான்: வந்து நிற்பவள் வயது வந்த ஆள். அவள் விருப்பத்தைக் கேட்டறிவதோடு நீதிமன்றத்தின் வேலை முடிகிறது.

அவள் புறப்படுமுன் நம்மிடம் வந்தாள். வணங்கினாள்.

“ஸ்டேஷன்ல அப்பா குடுத்த புகாரைக் காட்டினாங்க ஐயா. ஒரு ஒற்றுப்பிழைகூட இல்ல. நம்ம ஊர்ல அப்படி வேற யாரு எழுதுவாங்க?”

சினமின்றிச் சொன்னாள். வகுப்பில் ஐயம் கேட்கும் குரல் அது. நாம் கற்றுக்கொடுத்த ஒற்றே நம்மைக் காட்டிக்கொடுத்தது. ஒற்று என்ற சொல்லுக்கு உளவு என்றும் பொருளுண்டு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் நாமே. அவளுக்கு அன்று நாம் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

தமிழில் ‘ஆள்’ என்னும் சொல்லுக்கு அடிமை என்ற பழம்பொருள் உண்டு. திருவெண்ணெய்நல்லூர் அவையில் கிழவேதியராக வந்த இறைவன் சுந்தரரைத் தம் ஆள் என்று வழக்கிட்டதும், ஆளோலை காட்டியதும், ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிந்ததும், மூல ஓலையில் பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டு அவையோர் தீர்ப்புச் சொன்னதும் பெரிய புராணம் படித்தோர் அறிந்தவை. ஆண்டுதோறும் அதை நடத்துகிறோம். இறைவன் ஆட்கொண்ட கதையில் ஓலை வென்றது தகும். மனிதர் மனிதர்மேல் ஓலை நீட்டும்போது? அண்ணாச்சிக்கு நாம் எழுதிக்கொடுத்தது ஓர் ஆளோலையே. மகள் தந்தையின் ஆள் என்று மெய்ப்பிக்க, பிழையற்ற தமிழில், நாம் எழுதியது. அதன்பின் புகார் எழுதித் தருமாறு யார் வந்தாலும் எழுதுகிறோம். ‘மீட்டு ஒப்படைக்க’ என்று மட்டும் எழுதுவதில்லை. ‘இருக்குமிடம் அறிந்து, நலமாக உள்ளாரா எனத் தெரிவிக்க’ என்றே எழுதுகிறோம். சிலர் மனக்குறையோடு வாங்கிச் செல்கிறார்கள்.

அண்ணாச்சி மகளோடு இன்னும் பேசுவதில்லை. அச்சகத்தில் அந்த மேசையில் இப்போது வேறொரு பையன் இருக்கிறான். சென்ற ஆண்டுமலர் மெய்ப்புக்காகச் சென்றிருந்த மாலையில் மின்சாரம் நின்றுவிட்டது. இருட்டில் பேச்சு எங்கெங்கோ சென்று ஈச்சர வாரியரிடம் வந்து நின்றது. விடுதியிலிருந்து பிடித்துச் சென்றது, தந்தை அலைந்தது, நீதிமன்ற ஆணை, எல்லாவற்றையும் சொன்னோம். அண்ணாச்சி நெடுநேரம் பேசவில்லை.

“கடைசி வரைக்கும் காட்டவே இல்லையா சார்?”

“இல்லை, அண்ணாச்சி.”

மீண்டும் அமைதி. பிறகு சொன்னார்:

“நான் பாத்தேம்லா சார். அன்னைக்குக் கோர்ட்டுல. பச்சைச் சேல கட்டியிருந்தா.”

நாம் அதைக் கவனித்திருக்கவில்லை.